புள்ளியும் பொறியும்

ஏட்டுச் சுவடி படித்துப் பழகியோர் அறிவர்: பழங்காலத்து ஏடெழுதுவோர் ஓலையிற் புள்ளி குத்துவதில்லை; குத்தினால் ஓலை கிழியும். மெய்யோ உயிர்மெய்யோ, எகரமோ ஏகாரமோ என்பதைப் படிப்போரே தம் தமிழறிவால் உணர்தல் வேண்டும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பட்ட பாட்டில் ஒரு பகுதி இதுவே.

இதற்கு நேர்மாறானது அரபுத் தமிழ். ஒலுவில், கல்முனை முதலிய நம் தென்கிழக்குக் கரையூர்களிலும் தென்னிந்தியாவிலும் முஸ்லிம் மக்கள் கையாண்ட எழுத்து அது. மொழி தமிழ், வரிவடிவம் அரபு. அரபியில் இல்லாத ட, ண, ப, ழ முதலிய ஒலிகளுக்கு அரபெழுத்தோடு புள்ளி கூட்டி எழுத்தமைத்தனர். ஓலைச்சுவடி புள்ளியின்றி வாழ்ந்தது. அரபுத் தமிழோ புள்ளியாலே வாழ்வது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இயற்றிய பத்ஹுத் தய்யான் இவ்வெழுத்தில் அமைந்த நூலாகும்.

இவற்றைச் செயற்கை நுண்ணறிவு படித்துவிடாதோ என மாணவர் வினவலாம். படிக்கும், ஆனால் அதற்கு ஆசிரியர் வேண்டும். பக்கங்களைப் படமெடுத்து, அவற்றுட் சிலவற்றை அறிந்தோர் வரிக்கு வரி பெயர்த்தெழுதித் தருவர். பொறி அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பழகிப் புதிய பக்கத்தைத் தானே படிக்கும். பிழை திருத்தத் திருத்தத் தேறும். ஆயின், அரபியையே மிகுதியாகக் கண்ட பொறி தமிழ்ச் சொல்லையும் அரபாக்கவே முனையும். உப்புக்காற்றுப் பட்ட தாளில் இருப்பது புள்ளியா, பூச்சி அரித்த துளையா என்பது அதற்குத் தெளிவாகாது. தெளியாவிடினும் தயங்காது ஒன்றைச் சொல்லும். அத்தகைய மாணாக்கரை நாம் வகுப்பறையிலும் கண்டதுண்டு.

சிதைந்த கிரேக்கக் கல்வெட்டுகளை நிரப்பும் ‘இதாக்கா’ என்னும் பொறியைப் பற்றி 2022 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் வரலாற்றறிஞர் தனித்து 25 விழுக்காடும், பொறி தனித்து 62 விழுக்காடும், அறிஞர் பொறியின் துணையோடு 72 விழுக்காடும் சரியாக நிரப்பினர். ஆயின் அப்பொறி பழகுவதற்குப் பல்லாயிரங் கல்வெட்டுகள் முன்பே தொகுக்கப்பட்டிருந்தன. அரபுத் தமிழுக்கு அத்துணைத் தொகுதி எங்கே? வீட்டுப் பெட்டிகளிலன்றோ கிடக்கிறது! 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையின் வீடுகளைக் கொண்டுசென்றபோது பெட்டிகளையும் கொண்டுசென்றது. எஞ்சியவற்றைத் தடையின்றிப் படிக்கவல்ல முதியோரும் அருகி வருகின்றனர். பொறி பத்தாண்டு பிந்தினும் கேடில்லை, ஆசிரியர் காத்திரார்.

1995 இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே உள்ளது. அரபும் தமிழும் தொழினுட்பமும் ஒரே வளாகத்திற் பயிலப்படுகின்றன. இப்பணிக்கு இதனினும் ஏற்ற இடம் நாம் அறியோம்.

அப்பகுதிப் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். அயல் வீட்டில் இத்தகைய ஏடு இருப்பின், முதலில் வீட்டுப் பெரியவரை வாசிக்கச் செய்து அவர் குரலைப் பதிவு செய்க. புள்ளி ஐயமாகும் இடத்தில் அக்குரலே சான்று. படமெடுக்குங்கால் ஓரக்குறிப்பும் விழுமாறு முழுப் பக்கத்தையும் பகலொளியில், நிழலில் வைத்து எடுத்தல் நன்று. மின்னல் விளக்குப் பளபளப்பான தாளிற் புள்ளியை மறைத்துவிடும்.