சமாதானத்தின் செலவை ஏற்பவர் யார்?

தேசப்படத்தை விரித்து, எகிப்துக்கும் இஸ்ராயேலுக்கும் நடுவே கிடக்கும் முக்கோண நிலத்தைப் பாருங்கள். மோயீசன் மக்களை நடத்திச் சென்றதாக வேதாகமம் கூறும் சீனாய்ப் பாலைவனம் அதுதான். 1948, 1956, 1967, 1973 என நான்கு முறை இவ்விரு நாடுகளும் போரிட்டன. 1967இல் ஆறே நாட்களில் இஸ்ராயேல் சீனாய் முழுவதையும் பிடித்துக்கொண்டது. சூயஸ் கால்வாய் எட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 1975 ஜூன் மாதத்திலேயே மீண்டும் திறந்தது.

1979 மார்ச் 26ஆம் நாள் வாஷிங்டனில் சாதாத்தும் பெகினும் சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அன்று தொட்டு இவ்விரு நாடுகளும் ஒன்றோடொன்று போர் புரியவில்லை. சாதாத் 1977இல் எருசலேம் சென்றதையும், மறு ஆண்டு காம்ப் டேவிட்டில் பதின்மூன்று நாட்கள் பேச்சு நடந்ததையும் வாசகர்கள் அறிவீர்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னாலிருந்த கணக்குப் புத்தகத்தை அதிகம் பேர் புரட்டுவதில்லை. அதையே இங்கு சற்றுப் படிப்போம்.

போர் செய்பவனுக்கு இழப்பு உண்டு என்பதை எவரும் ஒப்புவர். சமாதானம் செய்பவனுக்கும் இழப்பு உண்டு என்பது மறந்து போகிறது. இஸ்ராயேல் சீனாயைத் திருப்பிக் கொடுத்தபோது மணலை மட்டுமா கொடுத்தது? அங்கே தான் கட்டிய விமானத்தளங்களையும், தோண்டிய எண்ணெய்க் கிணறுகளையும் கொடுத்தது. யாமித் என்ற குடியேற்ற நகரிலிருந்து தன் சொந்த மக்களையே படைகொண்டு வெளியேற்றியது. எகிப்தின் நிலைமை வேறு. நிலம் திரும்பக் கிடைத்தது, உறவுகள் போயின. 1967இல் கார்ட்டூம் மாநாட்டில் எகிப்துக்குப் பண உதவி செய்ய முன்வந்த எண்ணெய் வள அரபு நாடுகள் கையை மூடிக்கொண்டன. அரபு லீக் எகிப்தை விலக்கியது. அதன் தலைமையகம் கெய்ரோவிலிருந்து தூனிசுக்கு மாறியது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்தான், 1977 ஜனவரியில், அரசு மானியங்களைக் குறைத்து உணவுப் பொருட்களின் விலையை ஏற்றியதால் எகிப்திய நகரங்கள் கொந்தளித்திருந்தன என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பாணுக்கே தட்டுப்படும் நாடு, உதவி செய்த அயலாரைப் பகைத்துக்கொண்டு எத்தனை நாள் நிற்கும்?

இந்தப் பள்ளங்களை நிரப்பவே அமெரிக்கப் பணம் வந்தது. வழமையான வருடாந்த உதவிக்கு மேலாக 480 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது: இஸ்ராயேலுக்கு 300 கோடி, எகிப்துக்கு 180 கோடி. இஸ்ராயேலின் பங்கில் 80 கோடி, நெகேவ் பாலைவனத்தில் இரண்டு புதிய விமானத்தளங்கள் கட்டுவதற்கு நன்கொடையாகக் கொடுக்கப்பட்டது. வேறெங்கும் எண்ணெய் கிடைக்காத நெருக்கடி வந்தால் தானே வழங்குவதாகவும் அமெரிக்கா பதினைந்து ஆண்டுகளுக்கு உறுதியளித்தது. இழந்த பொருளுக்கு நேர் ஈடு.

எஞ்சியதில் பெரும்பகுதி நன்கொடையல்ல, ஆயுதம் வாங்குவதற்கான கடன். எகிப்தின் 180 கோடியில் 150 கோடி அவ்வகையானது. அந்நாளைய வட்டியோ கடுமை. கடன் குட்டி போட்டது. 1985 முதல் இராணுவ உதவி முழுவதும் நன்கொடையாயிற்று. 1990இல், குவைத் நெருக்கடியில் எகிப்து அமெரிக்காவின் பக்கம் நின்றபோது, 670 கோடி டொலர் இராணுவக் கடன் தள்ளுபடியாயிற்று. உதவி என்ற பெயரில் வரும் கடனை எவரும் இருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு செய்தியை இங்கே தெளிவாக்க வேண்டும். இப்பணம் உடன்படிக்கையின் வாசகத்தில் எங்கும் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் ஆண்டுதோறும் வாக்களித்துக் கொடுப்பது அது. ஆயினும் இரண்டையும் ஒரே முடிச்சாகவே எகிப்தியர் கருதி வந்துள்ளனர். 2012இல் அரசுசாரா நிறுவனப் பணியாளர் மீதான வழக்குக் காரணமாக உதவியை நிறுத்தப் போவதாக அமெரிக்கா கூறியபோது, உடன்படிக்கையை மீளாய்வு செய்ய நேரிடும் என முஸ்லிம் சகோதரத்துவத் தலைவர்கள் எச்சரித்தனர்.

சரி, இத்தனை பணமும் என்ன செய்தது? 1987 முதல் எகிப்துக்கு ஆண்டுதோறும் 130 கோடி டொலர் இராணுவத்துக்கென ஒதுக்கப்பட்டு வருகிறது. டாங்கிகளும் போர் விமானங்களும் வந்தன. சமாதானத்தில் நிலையான ஆதாயம் பெறும் ஒரு தளபதி வர்க்கமும் வளர்ந்தது. அது உடன்படிக்கையைக் காத்தது என்பதை மறுக்க முடியாது. நைல் நதிக்கரைக் குடியானவன் அதில் என்ன கண்டான் என்பது வேறு கேள்வி.

அவனுக்கு நேரே போய்ச் சேர்ந்த உதவியும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1980களில் அமெரிக்க உதவியுடன் வயிற்றோட்டத் தடுப்பு இயக்கமொன்று எகிப்தெங்கும் நடந்தது. நம் வீடுகளில் 'ஜீவனி' என்று அறியப்படும் அதே வகை உப்புச் சீனிக் கரைசலைத் தாய்மாருக்குப் பழக்கினார்கள். குழந்தை மரணம் வெகுவாகக் குறைந்தது. டாங்கியின் விலையோடு ஒப்பிட்டால் அதற்கான செலவு அற்பம்.

அற்பச் செலவில் பெரும் பலன் தந்த இன்னொன்று, காவல். ஐ.நா. பாதுகாப்புச் சபையில் சோவியத் எதிர்ப்பு இருந்தமையால், 1981இல் தனியாக ஒரு பன்னாட்டுக் கண்காணிப்புப் படை அமைக்கப்பட்டது. 1982 ஏப்ரல் 25இல், இஸ்ராயேல் சீனாயை விட்டு வெளியேறிய அன்றே, அது பணி தொடங்கியது. தலைமையகம் உரோமையில், காலாட்படையினர் பிஜியிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் கூட வந்தனர். எகிப்து, இஸ்ராயேல், அமெரிக்கா மூன்றும் செலவைச் சமமாகப் பகிர்ந்தன. எல்லையோரத்தில் யார் எத்தனை துருப்பு வைக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதே இவர்கள் வேலை. முன்னாட் பகைவர் தம் சொந்தக் காசையும் போட்டு நடத்தும் காவல் என்பதால், எமது எண்ணத்தில், பெரிய தொகைகளை விட இதுவே பாடத்துக்கு உரியது.

மக்களிடையே நட்பு மட்டும் வளரவில்லை. 2004இல் அமெரிக்கா இன்னொரு வழியை முயன்றது: குறிப்பிட்ட அளவு இஸ்ராயேல் மூலப்பொருள் சேர்த்த எகிப்திய ஆடைகளைத் தீர்வையின்றி வாங்கிக்கொண்டது. ஆலைகளில் வேலை கிடைத்தது. ஆனாலும் கெய்ரோத் தெருவில் மனம் மாறவில்லை. பாலஸ்தீன மக்களுக்குச் சுயாட்சி பற்றி உடன்படிக்கையுடன் சேர்த்து வாக்களிக்கப்பட்ட பேச்சு 1982இல் நின்று போனதை அங்கே எவரும் மறக்கவில்லை.

2023 அக்டோபரில் காசாப் போர் தொடங்கியபின் கசப்பு முற்றியது. இரு அரசுகளும் உடன்படிக்கையைக் கைவிடவில்லை. எகிப்தின் 130 கோடியில் ஒரு பகுதியை, மனித உரிமை நிலை திருந்தும்வரை என்று சொல்லி, அமெரிக்கா முந்திய ஆண்டுகளில் பிடித்து வைத்திருந்தது. 2024 செப்டெம்பரில், எகிப்து போர்நிறுத்தப் பேச்சில் நடுவராக நின்ற வேளையில், அந்த நிபந்தனையைத் தளர்த்தி முழுத் தொகையையும் விடுவிப்பதாக அறிவித்தது. கெய்ரோச் சிறைகளில் அரசியற் கைதிகள் அப்போதும் இருந்தனர்.