மனக்காயம் அறிந்து பழகுவோம்



காலில் அடிபட்டால் கட்டுப் போடுகிறோம். மனசில் அடிபட்டால் வெளியே தெரிவதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்களில் பலருக்கு அலைச்சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடத்தது, தூக்கம் போனது. இது பைத்தியமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஆபத்து முடிந்த பிறகும் உடம்பு பயத்திலேயே இருக்கிறது. புருஷனின் அடி, பிள்ளையின் சாவு, சிறு வயதில் நடந்த கொடுமை, கடன்காரரின் மிரட்டல் ஆகியவையும் இதே காயத்தை உண்டாக்கலாம்.

குழுவில் இது எப்படித் தெரியும்? ஒரு உறுப்பினர் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தாலும் யாராவது சத்தம் போட்டால் எழுந்து போய்விடுகிறார். சந்தா கட்ட மறக்கிறார். உடனே நாம் "அவளுக்கு என்ன வந்துச்சாம்? திமிரு!" என்கிறோம். அபராதம் போடுகிறோம், பிறகு நீக்கிவிடுகிறோம். அவருக்கு இருந்த ஒரே துணையும் போய்விடுகிறது.

"என்ன வந்துச்சு" என்பதை "என்ன நடந்துச்சோ" என்று மாற்றிப் பாருங்கள். இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதில்லை. மனசில் இருந்தாலே நாம் பழகும் விதம் மாறும். இதைத்தான் மனக்காயம் அறிந்த பராமரிப்பு என்கிறோம்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. துருவிக் கேட்காதீர்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் காயம் மறுபடி கிளறப்படும். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "நீ ஏன் அங்க போனே?" என்ற பேச்சே வேண்டாம்.

2. கேட்டதை வெளியே பேசாதீர்கள். தீர்மானப் புத்தகத்திலும் எழுதக்கூடாது.

3. அபராதம் போடும் முன் ஊக்குநர் தனியாக வீட்டுக்குப் போய்ப் பார்த்து வரட்டும்.

4. அடுத்து என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஆனால் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உதவிக்கு 1098.

5. ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குப் பயப்படும் பெண்ணுக்குத் துணையாகப் போங்கள். "தொடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடுங்க சிஸ்டர்" என்று நர்சிடம் கேட்கலாம். திரை போடச் சொல்லலாம்.

உதவிக்கு: பெண்கள் உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் 24 மணி நேரமும் இலவசம்.

கூட்டத்தில் கலந்து பேசுங்கள்:
* யார் பெயரையும் சொல்லாமல் பேசுங்கள்: நம் குழு விதிகளில் எது காயம்பட்டவரை விரட்டுகிறது?
* அதை எப்படி மாற்றலாம்?