பேனாவும் கையொப்பமும்

கேள்வி: மருந்துக் கம்பெனிகளுக்காக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதித் தரும் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். நான் எழுதுபவை பெரிய டாக்டர்களின் பெயரில் வெளியாகின்றன. இது பாவமா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எழுதுவதில் பாவமில்லை, அம்மா. நாள் முழுவதும் நோயாளிகளோடு போராடும் வைத்தியருக்குத் தம் ஆராய்ச்சியை விளங்கச் சொல்ல அவகாசமோ, சில சமயம் ஆற்றலோகூட வாய்ப்பதில்லை (பின்னதை அவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்). எழுதத் தெரிந்த ஒருவர் துணை நின்றால் படிப்பவர்களுக்கு அனுகூலமே. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதுகிறவர், அடியில் தம் பெயரையும் உரிம எண்ணையும் குறித்துக் கையொப்பமிடுவதால் சொத்துக்கு உடையவராகிவிடுவதில்லை. எழுதியவர் இன்னாரென்பது மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. தங்கள் தொழிலில் ஆபத்து நுழைவது அந்தப் பெயரை மறைக்கும்போதுதான்.

அமெரிக்காவில் வையத் என்ற மருந்துக் கம்பெனி, மாதவிடாய் நின்ற பெண்களுக்கான தன் ஹார்மோன் மாத்திரைகளுக்கு ஆதரவாக, டிசைன்ரைட் என்னும் நிறுவனத்தைக் கொண்டு கட்டுரைகள் தயாரித்தது. இன்னது சொல்லவேண்டுமென்று முதலில் தீர்மானித்து, கட்டுரையின் போக்கையும் வகுத்துக்கொண்ட பிற்பாடே, பெயர் தரக்கூடிய பிரபல நிபுணர் ஒருவரைத் தேடினார்கள். 1998 முதல் 2005 வரை இவ்வாறு வெளிவந்தவை 26 கட்டுரைகள். இதனிடையே 2002 ஜூலையில், 16,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு அரசாங்கம் நடத்திய பரிசோதனை, இரு ஹார்மோன்கள் கலந்த மாத்திரை மார்பகப் புற்றுநோயையும் பக்கவாதத்தையும் அதிகப்படுத்துகிறதென்று கண்டு நடுவிலேயே நிறுத்தப்பட்டது, கட்டுரைகளோ நின்றபாடில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் தொடுத்த வழக்கில், 2009-ல் நீதிமன்றம் ஆவணங்களை வெளியிட உத்தரவிட்ட பிறகே இந்த அந்தரங்கம் முழுவதும் அம்பலமாயிற்று. வையத் மட்டுமல்ல; வையாக்ஸ் என்னும் மருந்தைப் பற்றி, மெர்க் என்ற இன்னொரு கம்பெனி தயாரித்த கைப்பிரதியொன்றில், முதல் ஆசிரியரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'வெளி ஆசிரியர்?' என்று வெறும் கேள்விக்குறியே இருந்தது!

இதில் பெரும் குற்றவாளி, என் அபிப்பிராயத்தில், பேனா பிடித்தவரல்லர். மூல விவரங்களைக் கண்கொண்டும் பாராமல் தம் பெயரை இரவல் கொடுக்கும் பேராசிரியரே. ஆராய்ச்சியிலும் எழுத்திலும் பங்கு கொண்டு, இறுதி வடிவுக்குச் சம்மதமளித்து, முழுமைக்கும் பொறுப்பேற்பவரே ஆசிரியராவார் என்றும், எழுத உதவியவரை நன்றியுரையில் குறிப்பிட வேண்டும் என்றும் மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு விதித்திருக்கிறது.

ஆகவே, அடுத்த கட்டுரையைத் தொடங்குமுன், பெயர் தரப்போகும் டாக்டர் மூல விவரங்களைப் பார்த்தாரா என்று கேளுங்கள். தங்கள் பெயரும் கூலி கொடுத்த கம்பெனியின் பெயரும் அச்சாகுமென்று எழுத்திலேயே உறுதி வாங்குங்கள். மறுத்தால், அந்தக் கட்டுரையை ஏற்காதீர்கள். அதனால் உத்தியோகத்துக்குச் சங்கடம் நேரக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.