ஆளில்லாச் சாலையில் ஆர்.வி. நின்றால்: முதலில் காத்திருக்கத் தயாராகுங்கள்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் 50-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு, 1986-இல் ‘லைஃப்’ இதழ் ‘அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை’ என்று பெயர் சூட்டியது. இன்றும் அந்தப் பெயர் பொருந்துகிறது. ஃபாலன் ஊரை விட்டால் ஆஸ்டின் வர ஏறக்குறைய 180 கிலோமீட்டர். அங்கிருந்து யுரேகா 110. யுரேகாவிலிருந்து ஈலி 125. இடையில் மலைக்கணவாய்களும் வறண்ட சமவெளிகளும்தான். கடை, பெட்ரோல் பங்க், ஒர்க்‌ஷாப் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்து இத்தகைய சாலைகளில் பயணம் போகும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. பழுதுக்குத் தயாராவது என்றதும் பலருக்கும் கருவிப்பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. நான் வேறொன்றை முன்வைக்கிறேன். ஆளில்லாச் சாலையில் வண்டி நிற்பது இயந்திரப் பிரச்சினை என்பதைவிட நேரப் பிரச்சினை. உதவி வந்து சேரும்வரை நின்ற இடத்திலேயே பத்திரமாக இருக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. தயாரிப்பை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

காரணம் வண்டியின் எடையிலேயே இருக்கிறது. வாடகைக்குப் பரவலாகக் கிடைக்கும் ‘கிளாஸ் சி’ வண்டிகள் பலவும் ஃபோர்டு இ-450 சேசிஸில் கட்டப்பட்டவை. சுமையோடு சேர்த்து ஆறரை டன் வரை வரும். பேருந்து போன்ற ‘கிளாஸ் ஏ’ வண்டிகள் பத்து டன்னைத் தாண்டுவதும் உண்டு. அவற்றில் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. இருந்தாலும், மண் சரிந்த சாலையோரத்தில் அந்த எடையை ஜாக்கி போட்டுத் தூக்குவது உயிரோடு விளையாடுவது. இழுத்துச் செல்லவும் சாதாரண இழுவை வண்டி போதாது. கனரக வண்டி வர வேண்டும். பின்சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுப்பதானால், கியர்பாக்ஸ் கெடாமலிருக்கப் பலசமயம் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றவும் வேண்டும். அப்படிப்பட்ட வண்டி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறு வேலையில் இருக்கக்கூடும். ஆகவே கைத்தேர்ச்சி எவ்வளவு இருந்தாலும், பெரும்பாலான பழுதுகள் முடிவில் பல மணி நேரக் காத்திருப்பில்தான் போய் நிற்கின்றன.

காத்திருப்பதற்கு ஆர்.வி.யைப் போல வசதியான வண்டி வேறில்லை. ஆனால் நாம் கிளம்பும்போதே அந்த வசதியைக் காலி செய்துவிட்டுப் போகிறோம். எடையைக் குறைக்கிறோம் என்று தண்ணீர்த் தொட்டியைக் காலியாக விடுவது ஒரு பழக்கம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர் போதும்; ஆறு டன் வண்டியில் 48 கிலோ ஒரு பாரமே இல்லை. எரிபொருளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்ரோலில் ஓடும் மோட்டார் ஹோம்களில் ஜெனரேட்டரும் வண்டியின் அதே டேங்கிலிருந்துதான் எடுக்கும். டேங்க் கால்வாசிக்கு இறங்கியதும், வண்டி ஓடுவதற்கு மிச்சம் இருக்கட்டும் என்று ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும்படி குழாயை அமைத்திருப்பார்கள். 200 லிட்டர் டேங்கில் பாதி இருந்தால் ஜெனரேட்டருக்குக் கிடைப்பது 50 லிட்டர். மணிக்குச் சுமார் இரண்டு லிட்டர் குடித்தால் ஒரு முழு நாள் ஏசி ஓடும். கால்வாசிதான் இருக்கிறது என்றால், பாலைவன வெயிலில் ஏசி ஒரு நிமிடம்கூட ஓடாது. அரை டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள் என்று நான் வலியுறுத்துவது இந்தக் கணக்கினால்தான். பேட்டரியும் இப்படித்தான். இன்ஜினுக்கு ஒன்று, வீட்டுப் பகுதிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். இன்ஜின் பேட்டரி இறங்கிப்போனால் இரண்டையும் தற்காலிகமாக இணைக்கும் ஒரு சுவிட்ச் பல வண்டிகளின் டாஷ்போர்டில் உண்டு. வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே அது எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

எங்கே நிற்கிறோம் என்பதும் காத்திருப்பின் ஒரு பகுதி. டயர் வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகத்தை மெல்லக் குறைத்து, சமமான அகலமான ஓரம் வரை போய் நிறுத்துவது நல்லது. ரிம் கெட்டாலும் பரவாயில்லை. இருவழிச் சாலையில் எச்சரிக்கை முக்கோணங்களை முன்னும் பின்னும் 30 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது சரக்கு லாரிகளுக்கான அமெரிக்க விதி, ஆர்.வி.க்கும் அது நல்ல அளவுகோல். பிறகு, இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். நெவாடாவின் மைல் பலகைகளில் சாலை எண்ணோடு கவுண்டியின் சுருக்கெழுத்தும் இருக்கும். கவுண்டி மாறினால் மைல் எண்ணும் புதிதாகத் தொடங்கும். வெறும் ‘மைல் 23’ என்று சொன்னால் அது லாண்டர் கவுண்டியா, யுரேகா கவுண்டியா என்று உதவிக்கு வருபவருக்குத் தெரியாது. சிக்னல் கிடைக்காத இடங்களுக்குச் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியை எடுத்துச் செல்லலாம். 2022 நவம்பர் முதல் ஐபோன் 14-லிருந்தும் அமெரிக்காவில் அவசரச் செய்தி அனுப்ப முடிகிறது.

‘சாலையோர உதவிக் காப்பீடு இருக்கிறதே, எதற்கு இவ்வளவு?’ என்று கேட்கலாம். காப்பீடு செலவைத்தான் ஏற்கிறது, தூரத்தைக் குறைப்பதில்லை. ‘முன்கூட்டியே சோதித்தால் பழுதே வராதே’ என்பது இதைவிட வலுவான வாதம். சோதனை அவசியம்தான். ஆர்.வி. டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிக் கெடுபவை. பக்கவாட்டில் ‘டிஓடி’ எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அதைப் படிக்காமல் வண்டியைக் கையில் வாங்கக்கூடாது. ஆனால் சோதனை பழுதின் வாய்ப்பைக் குறைக்குமே தவிர, பழுதான பின் நிற்க வேண்டிய மணி நேரத்தைக் குறைக்காது. இரண்டும் வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு, ‘காத்திருந்து யாருமே வராவிட்டால்?’ என்பது. 2006-இல் ஓரிகான் மாநிலத்தின் தென்மேற்கு மலைகளில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதற்கு விடை தருகின்றன. மார்ச் மாதம் ஓர் ஆர்.வி. பனியில் சிக்கியது. உள்ளே குழந்தைகள் உட்பட ஆறு பேர். கையிருப்பு உணவும் வண்டிக்குள் கிடைத்த கதகதப்பும் அவர்களை 17 நாள் காப்பாற்றின; கடைசியில் இருவர் நடந்து போய் உதவியை எட்ட, ஆறு பேரும் பிழைத்தார்கள். நவம்பர் இறுதியில் ஒரு குடும்பத்தின் கார் சிக்கியது. ஒரு வாரம் பொறுத்த தந்தை உதவி தேடி நடந்தார், குளிரில் இறந்துபோனார். காரிலேயே இருந்த மனைவியும் இரு மகள்களும் இரண்டு நாளில் ஹெலிகாப்டரால் கண்டுபிடிக்கப்பட்டார்கள். நடந்தவர் ஒருமுறை பிழைத்தார், ஒருமுறை இறந்தார். வண்டியோடு இருந்தவர்கள் இருமுறையும் பிழைத்தார்கள். நடப்பது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. அது கடைசி வழி. அந்தக் கடைசி வழி தேவைப்படாமல் இருக்க, எந்தப் பாதையில் போகிறோம், எப்போது போய்ச் சேருவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். குறித்த நேரத்தில் தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியை உடனே விட்டு வெளியேற வேண்டிய தருணங்களும் உண்டு: தீ, புரொப்பேன் வாடை, ஏறிவரும் வெள்ளம், பின்னால் லாரி வந்து மோதக்கூடிய குறுகிய வளைவு. அப்போது பொருளைப் பார்க்காமல் இறங்கி, சாலையை விட்டு விலகிவிட வேண்டும். மற்றபடி, ஒவ்வொரு காலையும் சாவியைத் திருப்புவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று பிற்பகல் வழியில் வண்டி நின்றுபோனால், நாளை மதியம்வரை குழந்தைகளோடும் முதியவர்களோடும் இதற்குள் இருக்க முடியுமா? முடியும் என்றால் புறப்படலாம். முடியாது என்றால் தண்ணீரையும் டேங்கையும் நிரப்பிவிட்டுப் புறப்படுங்கள்.