வீடு தரும் ஓய்வூதியம்

அடமானம் என்றாலே நம் பெற்றோர் அஞ்சுவர். தவணை தவறினால் வீடு போய்விடும் என்பதே காரணம். இதற்கு நேர்மாறானது ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’ எனும் தலைகீழ் அடமானம்.

2007-08 மத்திய வரவு-செலவுத் திட்டத்தில் இது அறிவிக்கப்பட்டது. தேசிய வீட்டுவசதி வங்கி நெறிமுறைகளை வகுத்தது. தாம் சம்பாதித்த வீட்டில் குடியிருக்கும் 60 வயது நிறைந்தோர்க்கு, வங்கி குறித்த ஆண்டுகள்வரை மாதந்தோறும் பணம் தரும். அவர்கள் ஆயுள்வரை அவ்வீட்டிலேயே வாழலாம். தவணை கட்ட வேண்டியதில்லை. கணவன், மனைவி இருவர் காலத்திற்குப்பின் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். இல்லையேல் வங்கி வீட்டை விற்றுக் கடன் போக மிஞ்சுவதை அவர்களிடம் கொடுக்கும்.

ஆனால் வட்டி வளரும் வேகத்தை மறக்கலாகாது. மாதம் ரூ.5,000 வீதம் 15 ஆண்டுகளில் பெறுவது ரூ.9 லட்சம். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியை மாதந்தோறும் அசலுடன் கூட்டினால், கடன் ஏறத்தாழ ரூ.20.7 லட்சமாகிறது!

எங்கள் அமிர்தி அமைந்த ஜவ்வாது மலையில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பெற்ற நிலம் பிள்ளைகளுக்குச் சேரும். பிறருக்கு மாற்ற இயலாது. எனவே அதில் கட்டிய வீட்டை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. இது குறையா? அன்று. மலைமக்களின் நிலம் கைமாறிப் போகாமல் காக்கும் வேலி அதுவே.

ஆயினும் வேலி சோறு போடாது. வீட்டை ஈடு வைக்க இயலாத முதியோர்க்கு அரசின் உதவித்தொகை உயர வேண்டும். அதுவரை, என்போல் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகளே அவர்களின் ஓய்வூதியம் என்பதை மறவாதிருப்போம், தோழர்களே!