வாங்குமுன் இழுத்துப் பார்ப்போம்

எங்கள் பள்ளியில் வில்வித்தைப் பயிற்சி தொடங்கியபோது, நன்கொடையாகக் கிடைத்த தொகையில் நான்கு விற்கள் வாங்கினோம். "பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள், 30 பவுண்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். நாங்களும் நம்பினோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாணைப் பாதிவரைகூட இழுக்க முடியாமல், "எனக்கு இது வராது சார்" என்று வில்லை வைத்துவிட்டுப் போய்விட்டாள். குறை அவளிடம் இல்லை. யாருக்கு வாங்குகிறோம் என்று அளந்து பார்க்காத எங்களிடம்தான் இருந்தது.

அடுத்த முறை கடைக்குப் போகுமுன், பயிற்சி மையம் ஒன்றில் இரவல் விற்களைக் கொண்டு மாணவர்களை இழுத்துப் பார்க்க வைத்தோம். அதில் கற்றவை இவை.

1. கைவிரிப்பு: இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து 2.5ஆல் வகுக்க வேண்டும். 150 செ.மீ. எனில் 60 செ.மீ., அதாவது ஏறத்தாழ 24 அங்குலம். இதுவே அம்மாணவர் நாணை இழுக்கும் தோராய நீளம். ஆறாம் வகுப்புக்கு இது நல்ல கணக்குச் செயல்பாடும்கூட.

2. பவுண்டு: வில்லில் குறித்திருக்கும் பவுண்டு, பொதுவாக 28 அங்குலம் இழுக்கும்போது தேவைப்படும் விசை. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். 24 பவுண்டு வில், 24 அங்குலம் இழுப்பவருக்கு ஏறத்தாழ 16 பவுண்டுதான்.

3. முதன்மைக் கண்: இரு கைகளாலும் சிறு முக்கோண இடைவெளி அமைத்து, அதன் வழியே தொலைவிலுள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள் தெரிகிறதோ அதுவே முதன்மைக் கண். வலக்கண் எனில் இடக்கையில் பிடித்து வலக்கையால் இழுக்கும் வில் பொருந்தும். இடக்கண் எனில் இதற்கு மாறானது.

4. இழுத்துப் பார்த்தல்: நாணை முகவாய்வரை இழுத்து, பத்து நொடி நிறுத்தி, மெல்லத் திரும்ப விடட்டும். சில முறை செய்தும் தோள் உயராமல், கை நடுங்காமல் இருந்தால் அந்த வில் ஏற்றது. அம்பு இல்லாமல் நாணைச் சட்டென விடவே கூடாது. வில் உடையலாம், காயமும் ஏற்படலாம்.

5. அம்பு: முழுதாக இழுத்த நிலையிலும் அம்பின் முனை வில்லைத் தாண்டி 2 அங்குலமாவது முன்னால் நீண்டிருக்க வேண்டும். அம்பு குட்டையாக இருந்தால் உள்ளே நழுவி, வில் பிடித்த கையைக் குத்திவிடும்.

கழற்றி மாட்டும் வில்லாக இருந்தால் கைப்பிடி அப்படியே இருக்க, வளையும் பட்டைகளை மட்டும் பிள்ளையின் வலிமைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். எனவே தொடக்கத்தில் குறைந்த பவுண்டு வாங்குவது வீண்செலவு ஆகாது. கைக்காப்பு, விரல்காப்பு இரண்டையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அளவுப் பட்டியலோடு கடைக்குச் சென்று 18 பவுண்டு வில் வாங்கி வந்தோம். அந்த மாணவியை மீண்டும் அழைத்துக் கையில் கொடுத்தேன். நாண் அவள் முகவாயைத் தொட்டது. "வருது சார்" என்றாள்.