எடைக்கருவி சொல்லாத செய்தி

சால்ட் லேக்கில் எங்கள் அடுக்ககத்துத் தமிழ்ப் பையன் ஒருவனுக்கு ஆறு மாதமாக வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும். "கல்கத்தா தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பெரியவர்கள் நாங்களே தீர்ப்புச் சொல்லி, கஞ்சியும் ரசம் சாதமுமே கொடுக்கச் சொன்னோம். மாடிப்படி ஏற அவன் திணறிய பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள். குரோன் நோய் என்று தெரிந்தது. நான் மருத்துவன் அல்லன். ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளன். அவனுக்காகக் கேட்டும் படித்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

1932-ல் நியூயார்க் மருத்துவர் குரோனும் அவருடன் பணியாற்றிய இருவரும் விவரித்த நோய் இது. குடற்சுவர் நாட்பட அழன்று புண்ணாகிறது. பசி குறைகிறது, உண்டதும் சரியாக உடலில் சேர்வதில்லை. போதாததற்கு, அழற்சியில் சுரக்கும் பொருள்கள் தசைப் புரதத்தையே கரைக்கின்றன. வளரும் பிள்ளைக்கு உயரமும் தடைப்படும்.

இதற்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பி எடை கூடலாம். ஆனால் அதுவும் நாளடைவில் தசையை மெலிவிக்கும். ஆகவே எடையோடு உயரத்தையும் மேற்கைச் சுற்றளவையும் அளந்து குறித்து வரவேண்டும்.

குடல் காசநோயும் இதேபோல் தோன்றுவதால் சோதனை அவசியம். பிள்ளைகளின் குரோன் நோய்க்கு, மருத்துவர் மேற்பார்வையில் 6 முதல் 8 வாரம் திரவச் சத்துணவு மட்டுமே கொடுப்பது ஒரு முதன்மைச் சிகிச்சை. குடல் ஆறியபின் புரத உணவும் ஓடியாடும் விளையாட்டும் தசையை மீட்க உதவும்.

வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், வளர்ச்சிக் குறைவு கண்டால், எங்களைப்போல் தண்ணீரைக் குறைகூறிக் காலம் கடத்தாதீர்கள்.